உள்வளர் முடியும் லேசர் சிகிச்சையும்

சவரம் செய்த தாடையிலும் கழுத்திலும், வாக்சிங் செய்த கால்களிலும் தொடை இடுக்கிலும் சில நாள்களில் சிவந்து எழும் சிறு முடிச்சுகளைப் பலர் பரு என்றோ சூட்டுக் கொப்புளம் என்றோ கருதி, கையில் கிடைத்த களிம்பைத் தடவி வருகின்றனர். அவற்றுள் கணிசமானவை, வெளியே வளர வேண்டிய முடி வளைந்து தோலுக்குள்ளேயே புகுவதால் உண்டாகும் அழற்சியாகும். இத்தகைய முடியை உள்வளர் முடி என்றும், தாடிப் பகுதியில் அது கூட்டமாகத் தோன்றி மாதக்கணக்கில் நீடிக்கும் நிலையைப் போலி மயிர்க்கால் அழற்சி என்றும் வழங்குவர். மயிர்க்கால் என்பது முடி முளைத்தெழும் நுண்ணிய உறை. அங்கே கிருமி புகுந்து அழற்சியை உண்டாக்குவது வேறு நோய். உள்வளர் முடியில் அழற்சியைத் தொடங்கி வைப்பது முடியே என்பதாலும், கிருமி பின்னால் வந்து சேரும் துணைக் காரணம் மட்டுமே என்பதாலும், நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரைகளால் மட்டும் இது தீர்வதில்லை.

முடி தோலுக்குள் புகும் வழிகள் இரண்டு. முதல் வழியில், மயிர்க்காலிலிருந்து இயல்பாக வெளியே வந்த சுருள் முடி, சில மில்லிமீட்டர் வளர்ந்தவுடன் தன் வளைவின் போக்கிலேயே திரும்பி அருகிலுள்ள தோலைத் துளைத்து இறங்குகிறது. இரண்டாம் வழியில் முடி வெளியே தலைகாட்டுவதே இல்லை. தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒட்டச் சவரம் செய்யும்போது வெட்டுப்பட்ட முனை, பிடியைத் தளர்த்தியதும் தோலின் மேற்பரப்புக்குக் கீழே பின்வாங்கி, அங்கிருந்தே மயிர்க்காலின் பக்கச்சுவரைக் குத்திக்கொண்டு வளரத் தொடங்குகிறது. பிளேடு முடியைச் சாய்வாக வெட்டுவதால் அதன் முனை சீவிய மூங்கில் முனையைப் போலக் கூர்மை பெறுகிறது என்பதும், பல பிளேடுகள் அடுக்கிய ரேசரில் முன்பிளேடு முடியை உயர்த்தப் பின்பிளேடு இன்னும் ஆழத்தில் வெட்டுகிறது என்பதும் இங்கே கருத வேண்டியவை. வழவழப்பான சவரம் என்று பாராட்டப்படுவதே இக்கோளாறுக்கு மிகத் தோதான சவரமாக அமைகிறது. வாக்சிங், திரெட்டிங், இடுக்கியால் பிடுங்குதல் ஆகியவற்றில் முடி வேரோடு வராமல் தோலுக்கடியில் முறிந்து நின்றுவிட்டாலும், முழுதும் பிடுங்கப்பட்ட இடத்தில் புதிதாக முளைக்கும் மெல்லிய முடி வாய் அடைபட்ட மயிர்க்காலுக்குள் வழி தேடி வளைந்தாலும் முடிவு ஒன்றே.

பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் தோல்நோக்கியின் வழியே இம்முடிச்சுகளுள் ஒன்றைப் பார்த்தால், மெல்லிய மேல்தோலுக்கு அடியில் ஒரு கரிய வளையம் படுத்திருப்பதும், அதன் இரு முனைகளும் தோலுக்குள் புதைந்திருப்பதும், சுற்றுப்புறம் சிவந்து சில வேளை உச்சியில் சீழ் கோத்திருப்பதும் தெளிவாகத் தெரியும். உடல் அந்த முடியைத் தன்னுடையதாக ஏற்பதில்லை. காலில் தைத்த முள்ளை எதிர்ப்பது எவ்வாறோ அவ்வாறே வெள்ளணுக்களை அனுப்பி எதிர்க்கிறது. அழற்சி தணிந்த பிறகு அவ்விடத்தில் நிறமி கூடுதலாகப் படிந்து கரும்புள்ளி நிற்கிறது. தழும்பு தடித்து வளரும் இயல்புடையவர்களிடம் கெலாய்டு எனப்படும் மேடுதட்டிய தழும்பும் உண்டாகலாம். சிவந்த தோலுடையோரிடம் சில நாளில் மறையும் தடம், மாநிறத்தாரிடமும் கரிய நிறத்தாரிடமும் மாதக்கணக்கில் கரும்புள்ளியாகத் தங்குவதால், முடிச்சைவிடப் புள்ளியே பெரிய மனவருத்தமாகி, பலரை மருத்துவரிடம் கொண்டு சேர்க்கிறது.

ஆப்பிரிக்க வழியினரின் முடி இறுகச் சுருண்டிருப்பதோடு அவர்களின் மயிர்க்காலும் தோலுக்குள் வளைந்தே அமைந்திருப்பதால் இக்கோளாறு அவர்களிடம் மிகுதி. முடியின் உறையில் உள்ள ஒரு கெராட்டின் புரதத்துக்குரிய மரபணுவில் நேரும் சிறு மாற்றமும் இதற்குத் துணைபுரிகிறது என்பதை 2004-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நாள்தோறும் முகம் மழிக்க வேண்டும் என்ற விதியுள்ள அமெரிக்கப் படைகளில் கறுப்பின வீரர்கள் பலர் இதனால் அவதியுற்று, மழிப்பிலிருந்து மருத்துவ விலக்குப் பெறும் நிலை நெடுங்காலமாக இருந்து வருவதால், லேசரைக் கொண்டு இதற்குத் தீர்வு காணும் முயற்சிகளுள் முக்கியமானவை அந்நாட்டுப் படை மருத்துவர்களிடமிருந்தே வந்தன. தமிழ் நிலத்து ஆண்களில் கழுத்துப் பகுதி முடி பல திசைகளில் சுழித்து வளர்பவர்களுக்கும், பெண்களில் முகவாயில் தடித்த முடி வளரக் கண்டு அதை வாரந்தோறும் பிடுங்குபவர்களுக்கும் இது இயல்பாக வருகிறது.

லேசருக்கு முன்னால் செய்ய வேண்டியவை

முதலில், இருப்பது உள்வளர் முடிதானா என்பதைத் தோல் மருத்துவர் ஒருவர் பார்த்து உறுதி செய்ய வேண்டும். தாடியில் வரும் படர்தாமரை, ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமியால் வரும் கொப்புளம், முகப்பரு ஆகிய மூன்றும் ஏறத்தாழ இதே தோற்றம் காட்டுவன. மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கும் களிம்புகளில், பூஞ்சை மருந்தும் நுண்ணுயிர்க்கொல்லியும் வீரியமிக்க ஸ்டீராய்டும் ஒன்றாகக் கலந்தவை இந்தியாவெங்கும் தாராளமாகப் புழங்குகின்றன. அவற்றைத் தடவினால் முதல் வாரத்தில் சிவப்பு தணிவது உண்மை. ஆனால், தொடர்ந்து தடவினால் தோல் மெலிவதுடன், ஸ்டீராய்டின் பக்க விளைவாக முகத்தில் முடி வளர்ச்சியே கூடவும் செய்யும். முடியால் வந்த துன்பத்துக்கு முடியை வளர்க்கும் மருந்தைப் பூசிக்கொண்டிருக்கும் இந்த நிலையைப் பெண்களிடம் குறிப்பாகத் தடுக்க வேண்டும்.

முகவாயிலும் மேலுதட்டிலும் தடித்த முடி புதிதாகத் தோன்றும் பெண்களுக்கு மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்று கேட்டறிவதும், தேவையெனில் இயக்குநீர்களின் அளவைப் பரிசோதிப்பதும் இன்றியமையாதவை. சினைப்பை நீர்க்கட்டி என்று பேச்சு வழக்கில் குறிப்பிடப்படும் குறைபாட்டில் ஆண் இயக்குநீர்கள் மிகுவதால் மெல்லிய பூனைமுடி தடித்த முடியாக மாறிக்கொண்டே இருக்கும். அந்த ஊற்றை அடைக்காமல் லேசரை மட்டும் நம்பினால், அழிந்த முடிகளின் இடத்தைப் புதியவை நிரப்பிக்கொண்டிருக்க, செலவு மட்டும் ஏறும்.

அடுத்து, லேசரே இல்லாமல் தீரக்கூடியதா என்று பார்க்க வேண்டும். தாடி வளர்க்கத் தொழிலிலோ குடும்பத்திலோ தடையில்லாத ஓர் ஆண், 4 முதல் 6 வாரம் மழிக்காமல் இருந்தாலே பெரும்பாலான முடிச்சுகள் அடங்கிவிடும். தொடக்கத்தில் சில நாள் அவை கூடுவது போலத் தோன்றினாலும், முடி நீளும்போது உள்ளே சிக்கிய வளையம் தன் விறைப்பாலேயே நிமிர்ந்து வெளியேறிவிடுகிறது. தாடி வேண்டாதவர் டிரிம்மரைக் கொண்டு ஒரு மில்லிமீட்டர் அளவு விட்டு வெட்டலாம். சவரமே வேண்டுமென்பவர் வெந்நீரால் முடியை ஊறவைத்து, தோலை இழுக்காமல், முடி சாய்ந்திருக்கும் திசையிலேயே ஒற்றைப் பிளேடால் ஒரு முறை மட்டும் மழிக்கலாம். கண்ணுக்குத் தெரியும் வளையத்தைக் கிருமி நீக்கிய ஊசிமுனையால் மெல்ல நெம்பி விடுவிக்கலாமே தவிர, அதைப் பிடுங்கக் கூடாது; பிடுங்கினால் அடுத்து முளைப்பதும் அதே வளைந்த பாதையிலேயே முளைக்கும். ஊக்கும் நகமும் கொண்டு கிளறுவதால் உண்டாகும் தழும்பு, முடியால் உண்டாகும் தழும்பைவிட ஆழமானது. இவ்வளவும் செய்து பார்த்து அடங்காதவர்களுக்கும், சீருடைப் பணி போன்ற காரணங்களால் அன்றாடம் மழித்தே ஆக வேண்டியவர்களுக்கும், தழும்பு தடிக்கத் தொடங்கிவிட்டவர்களுக்கும்தான் லேசர் முதல் தேர்வாகத் தகும்.

ஒளி முடியை அடையும் விதம்

லேசர் என்பது ஒரே அலைநீளமுடைய, ஒரே திசையில் செல்லும் செறிந்த ஒளிக்கற்றை. தியோடர் மைமன் 1960-இல் மாணிக்கக் கல்லைக் கொண்டு முதல் லேசரை உருவாக்கினார்; தோலின் ஒரு குறிப்பிட்ட உறுப்பை மட்டும் சுட்டு, சுற்றியுள்ளதைக் காக்கும் வழி, ராக்ஸ் ஆண்டர்சனும் ஜான் பாரிஷும் 1983-இல் வெளியிட்ட கோட்பாட்டுக்குப் பிறகே தெளிவாயிற்று. ஒரு நிறமி மிகுதியாக உறிஞ்சும் அலைநீளத்தைத் தேர்ந்து, அது சூடேறி ஆறுவதற்கு எடுக்கும் நேரத்தைவிடக் குறுகிய துடிப்பாக ஒளியைச் செலுத்தினால், வெப்பம் அண்டையில் பரவும் முன்பே இலக்கு சிதைந்துவிடும் என்பது அதன் சாரம். முடியின் வகையில் அந்த நிறமி, தண்டிலும் வேர்க்குமிழிலும் செறிந்துள்ள மெலனின். ஆயினும் முடியை மீண்டும் மீண்டும் முளைக்கச் செய்யும் மூலச் செல்கள் நிறமியற்ற பகுதியில் சற்று விலகி இருப்பதால், தண்டில் ஏறிய வெப்பம் அவற்றை எட்டும் அளவுக்குத் துடிப்பு நீள வேண்டும். நிறமியில்லாத நரைமுடியில் ஒளியைப் பிடிக்க எதுவுமில்லை என்பதால் நரைத்த தாடியில் லேசர் பயனற்றது. தாடி நரைத்தவர்களுக்கு, ஒவ்வொரு மயிர்க்காலிலும் நுண்ணூசி செலுத்தி மின்சாரத்தால் சுடும் எலெக்ட்ராலிசிஸ் முறையே எஞ்சுகிறது.

முடிகள் யாவும் ஒரே நேரத்தில் வளர்வதில்லை. வளர்நிலை, சுருங்குநிலை, ஓய்வுநிலை என்று சுழலும் பருவங்களில், வேர்க்குமிழ் நிறமியோடு உயிர்ப்புடன் இருக்கும் வளர்நிலையில்தான் லேசர் நன்கு பற்றும். ஒரே அமர்வில் முடி முழுதும் போகாததற்கும், முகத்துக்கு 4 முதல் 6 வாரம், உடலுக்கு 6 முதல் 8 வாரம் என இடைவெளி விட்டுச் செய்வதற்கும் இதுவே காரணம். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இக்கருவிகளுக்கு ஏற்பளிப்பது முடியை நிலையாகக் குறைப்பதற்கே; இந்தியத் தோல் மருத்துவர் சங்கம் 2008-இல் வெளியிட்ட நெறிமுறையும் முடிக் குறைப்பு என்றே பேசுகிறது. முற்றும் முடியற்ற தோல் வாழ்நாளெல்லாம் என்று விளம்பரம் செய்யும் நிலையம், கருவியைத் தயாரித்தவர்களுக்குக்கூட வழங்கப்படாத உறுதியைத் தருகிறது.

உள்வளர் முடிக்கு லேசர் தரும் நன்மை இந்தக் குறைப்பின் மூலம் மூன்று வகையாகக் கிடைக்கிறது. மயிர்க்கால்களில் ஒரு பகுதி செயலிழப்பதால் தோலைக் குத்தவல்ல முடிகளின் எண்ணிக்கை குறைகிறது. பிழைத்த மயிர்க்கால்கள் முன்னைவிட மெலிந்த, நிறம் குன்றிய முடியை முளைப்பிக்கின்றன; மெலிந்த முடிக்குத் தோலைத் துளைக்கும் விறைப்பு இருப்பதில்லை. வளர்ச்சி தாமதப்படுவதால் மழிக்க வேண்டிய நாள்களும் குறைகின்றன. இவற்றுள் இரண்டாவதே உள்வளர் முடியைப் பொறுத்தவரை பெரிது. அழகுக்காக முடி நீக்க வருபவருக்குப் பாதி வெற்றியாகத் தோன்றும் மெலிவு, முடிச்சுகளால் அவதியுறுபவருக்கு ஏறத்தாழ முழு நிவாரணமாக அமைந்துவிடுகிறது. ஆகவே இவர்கள் தம் முன்னேற்றத்தை எஞ்சிய முடிகளின் எண்ணிக்கையால் அளக்காமல், புதிதாக எழும் முடிச்சுகளின் எண்ணிக்கையால் அளக்க வேண்டும்.

இதற்கு ஆய்வுச் சான்றுகள் உண்டு. அமெரிக்கக் கடற்படை மருத்துவர்களை உள்ளடக்கிய குழு ஒன்று, கரிய தோலுடையோரின் தாடிப் பகுதியில் 1064 நானோமீட்டர் லேசரைச் செலுத்தி, முடிச்சுகள் தெளிவாகக் குறைந்ததை 2002-இல் வெளியிட்டது. 2009-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், வழக்கத்தைவிட மிகக் குறைந்த ஆற்றலில், வாரம் ஒரு முறையாகச் செலுத்தியபோதும் முடிச்சுகள் கணிசமாக அடங்கின. முடியை முற்றாக எரிக்காமலே பயன் கிட்டும் என்பதற்கு இது நல்ல சான்று. முடி வளர்ச்சியை மந்தப்படுத்தும் எஃப்ளார்னிதின் களிம்பை லேசருடன் சேர்த்துப் பயன்படுத்தினால் லேசர் மட்டும் தருவதைவிட மேலான விளைவு கிடைப்பதை 2012-இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வு காட்டியது.

கரும்புள்ளிகளின் செய்தி வேறு. லேசர் புதிய முடிச்சுகளைத் தடுப்பதால் புதிய புள்ளிகள் உண்டாவதில்லை. பழைய புள்ளிகள் வெயில் காப்புக் களிம்பின் துணையோடு தாமாக மெல்லத்தான் மங்கும். முடி நீக்க லேசராலேயே புள்ளியும் போய்விடும் என்று எதிர்பார்த்து ஆற்றலைக் கூட்டச் சொல்வது புண்ணையே வரவழைக்கும்.

தோலின் நிறமும் கருவியின் தேர்வும்

முடியில் இருக்கும் அதே மெலனின் மேல்தோலிலும் இருக்கிறது என்பதுதான் இச்சிகிச்சையின் அடிப்படைச் சிக்கல். வெளுத்த தோலில் ஒளி தடையின்றி இறங்கி முடியை அடைகிறது. கரிய தோலில் அதன் ஒரு பங்கை மேல்தோலே உறிஞ்சிச் சூடேறி, கொப்புளமும் நிறமாற்றமும் காண்கிறது. ஹார்வர்டைச் சேர்ந்த தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் 1975-இல் தொடங்கி வைத்து, பின்னர் ஆறு வகைகளாக விரிவாக்கப்பட்ட தோல் பாகுபாட்டில், எளிதில் வெந்து சிவக்கும் வெண்தோல் முதல் வகை, வெயிலில் வேகாத கருந்தோல் ஆறாம் வகை. தமிழர்களுள் பெரும்பாலோர் நான்கு, ஐந்தாம் வகைகளில் அடங்குவர். ஆறாம் வகையும் அரிதன்று. மேலே சொன்ன 2002 ஆய்வில், நான்கு, ஐந்தாம் வகைத் தோல்கள் சதுர செண்டிமீட்டருக்கு 100 ஜூல் வரை தாங்கியபோது ஆறாம் வகை 50 ஜூலையே தாங்கியது என்பதிலிருந்து, ஒருவருக்குப் பொருந்திய அளவு அவருடைய உடன்பிறந்தவருக்கே பொருந்தாமல் போகலாம் என்பதை உணரலாம்.

மெலனின் ஒளியை உறிஞ்சும் திறன் அலைநீளம் கூடக் கூடக் குறைகிறது. 694 நானோமீட்டர் மாணிக்க லேசர் முதன்முதலில் முடிக்குப் பயன்பட்டதாயினும் கரிய தோலுக்கு ஆகாது. 755 நானோமீட்டர் அலெக்சாண்டிரைட் லேசர் வெளுத்த தோலில் மிகச் சிறப்பாகச் செயல்படுவது. நான்காம் வகைக்கு மேல் அதனைக் கையாள மிகுந்த தேர்ச்சி வேண்டும். 800 முதல் 810 நானோமீட்டர் வரையுள்ள டயோடு லேசர் இந்திய மருத்துவமனைகளில் பரவலாக இருப்பது. துடிப்பை நீட்டியும் நுனியைக் குளிர்வித்தும் பயன்படுத்தினால் மாநிறத் தோலுக்குப் பொருந்தும். ஐந்தாம், ஆறாம் வகைகளுக்கு 1064 நானோமீட்டர் என்.டி. யாக் லேசரே பாதுகாப்பு மிக்கது. அது மேல்தோலை அதிகம் சுடாமல் ஆழத்துக்குச் செல்வதால், கழுத்திலும் தாடையிலும் ஆழ வேரூன்றிய தடித்த முடிக்கு ஏற்றது. வலி சற்றுக் கூடுதல், மெல்லிய முடியில் விளைவு குறைவு. ஐ.பி.எல். எனப்படும் கருவி லேசரன்று. பல அலைநீளங்கள் கலந்த பளிச்சொளியை வடிகட்டிச் செலுத்துவது. வீட்டில் பயன்படுத்த விற்கப்படும் சிறு கருவிகளில் பெரும்பாலானவை இவ்வகையைச் சேர்ந்தவை. கரிய தோலில் பயன்படுத்தக் கூடாது என்ற நிற அட்டவணை அவற்றின் பெட்டியிலேயே அச்சிடப்பட்டிருக்க, அதனைப் பாராமல் முகத்தில் வைத்துச் சுட்டுக்கொள்வோர் உண்டு.

அலைநீளத்துக்கு அடுத்தபடியாகத் துடிப்பின் நீளம் கவனிக்கத் தக்கது. மெல்லிய மேல்தோல் தன் வெப்பத்தைச் சுமார் 10 மில்லிநொடிக்குள் இழந்துவிடும். தடித்த மயிர்க்கால் ஆறுவதற்கு அதைப்போலப் பல மடங்கு நேரமாகும். எனவே துடிப்பை நீட்டினால் மேல்தோல் சூடேறும்போதே ஆறிக்கொள்ள, முடியில் மட்டும் வெப்பம் சேர்கிறது. குளிர்ந்த நீலக்கல் நுனியைத் தோலில் அழுத்துவது, குளிர்வாயுவைத் தெளிப்பது, குளிர்காற்றை வீசுவது ஆகியவை இதே நோக்கத்துக்கானவை. சிகிச்சைக்குச் செல்பவர் நிலையத்தில் எத்தனை அமர்வுக்கு எத்தனை தள்ளுபடி என்று கேட்பதற்கு முன்பாக, கருவியின் அலைநீளம் என்ன, குளிர்விக்கும் முறை எது, கையாள்பவரை மேற்பார்வையிடும் தோல் மருத்துவர் அங்கேயே இருக்கிறாரா, காதோரத்திலோ தாடைக்கடியிலோ சிறிய இடத்தில் சோதித்துச் சில நாள் பொறுத்துப் பார்ப்பார்களா என்பவற்றைக் கேட்டு, தெளிவான விடை கிடைக்காத இடத்திலிருந்து திரும்பிவிடுவது நல்லது.

சிகிச்சை நாளும் அதன் பின்னும்

லேசருக்கு இலக்கு மயிர்க்காலுக்குள் இருக்கும் முடியே என்பதால், சிகிச்சைக்கு முந்தைய 4 முதல் 6 வாரம் வாக்சிங், திரெட்டிங், பிடுங்கல் ஆகிய யாவற்றையும் நிறுத்த வேண்டும். முடியை வெளுக்கச் செய்யும் ப்ளீச்சும் இலக்கைக் கெடுக்கும். வெயிலில் கறுத்த தோலில் சிகிச்சை செய்யாமல், அக்கருமை தணியும் வரை தள்ளிப்போட வேண்டும். மறுபுறம், தோலுக்கு மேலே நீண்டிருக்கும் முடி கதிர்பட்டுக் கருகி மேல்தோலைச் சுடும் என்பதால் முந்தைய நாள் மழித்து வரச் சொல்வது வழக்கம். உள்வளர் முடி உள்ளவருக்கு இந்த அறிவுரையே இடர்ப்பாடாகிறது. மழிப்பதால்தான் அவருக்கு நோய். அவர் அன்று காலையில் டிரிம்மரால் இயன்றவரை ஒட்ட வெட்டிவருவதோ, முடி சாயும் திசையில் ஒரே முறை மென்மையாக மழிப்பதோ போதும் என்பதை மருத்துவரிடம் முன்னரே பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். சீழ் கோத்த முடிச்சுகள் நிறைய இருந்தால் முதலில் களிம்பாலோ மாத்திரையாலோ அவற்றைத் தணித்த பிறகே லேசரைத் தொடங்க வேண்டும்.

முகத்தில் பூசிய மஞ்சள், பவுடர், களிம்பு எல்லாம் கழுவப்பட்டிருக்க வேண்டும். வாயோரத்தில் அடிக்கடி அக்கிக் கொப்புளம் வருபவர்கள், தழும்பு தடிக்கும் இயல்புடையவர்கள், வெண்புள்ளி அல்லது காளாஞ்சகப்படை உள்ளவர்கள், முகப்பருவுக்கான ஐசோட்ரெட்டினோயின் மருந்தை உட்கொள்பவர்கள், வெயிலில் தோலைக் கூச வைக்கும் மருந்துகளை உட்கொள்பவர்கள் அதனை மறைக்காமல் சொல்ல வேண்டும். கருவுற்றிருக்கும் காலத்தில், அவசரமற்ற இச்சிகிச்சையை ஒத்திப்போடுவதே முறை.

வலி குறைக்கும் மரப்புக் களிம்பைப் பற்றி ஓர் எச்சரிக்கை உண்டு. லிடோகெயின் போன்ற மருந்து அடங்கிய களிம்பைக் கால்கள் முழுவதும் பூசி, பிளாஸ்டிக் தாளால் சுற்றிக்கொண்டு லேசர் சிகிச்சைக்குச் செல்ல முற்பட்ட இளம்பெண்கள் இருவர் அமெரிக்காவில் உயிரிழந்ததை அடுத்து, அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் 2007-இல் பொது எச்சரிக்கை விடுத்தது. தோல் வழியே ரத்தத்தில் கலக்கும் மருந்தின் அளவு, பூசும் பரப்பைக் கூட்டினாலும் மூடிக் கட்டினாலும் கட்டுக்கடங்காமல் ஏறி, வலிப்பையும் இதயத்துடிப்புக் கோளாறையும் உண்டாக்கும். முகவாயளவு சிறிய இடத்தில் மருத்துவர் சொன்ன அளவு பூசுவதே எல்லை. வீட்டிலேயே பெரும்பரப்பில் பூசிக்கொண்டு வருவது கூடவே கூடாது.

அறையில் இருக்கும் அனைவரும், பயன்படும் அலைநீளத்துக்கே உரிய காப்புக் கண்ணாடி அணிய வேண்டும். என்.டி. யாக் கதிர் கண்ணுக்குப் புலப்படாதது. அது விழித்திரையைச் சுட்டால் மீட்க வழியில்லை. புருவத்துக்குக் கீழே, கண்குழியின் எலும்பு விளிம்புக்குள் லேசர் செலுத்துவதை எந்தக் காரணத்துக்காகவும் ஏற்கக் கூடாது. ஒவ்வொரு துடிப்பிலும் ரப்பர் வளையம் சுண்டியது போன்ற சுளீர் வலியும், கருகிய முடியின் வாடையும் எழும். அந்தப் புகை உடலுக்கு நல்லதன்று என்பதால் அதனை உறிஞ்சி வெளியேற்றும் கருவி உள்ள இடமே தக்கது. சில நிமிடங்களில் ஒவ்வொரு மயிர்க்காலைச் சுற்றியும் சிவந்த சிறு வீக்கம் எழும்பித் தோல் புல்லரித்தது போலத் தோன்றினால், கதிர் உரிய இடத்தில் பாய்ந்தது என்று பொருள். அது சில மணி நேரத்திலோ ஒரு நாளிலோ அடங்கும். மாறாக, தோல் சாம்பல் நிறம் கொண்டாலோ, கருவி நுனியின் வடிவிலேயே திட்டுத் திட்டாகச் சிவந்தாலோ, எரிச்சல் குறையாமல் கொப்புளித்தாலோ அது தீப்புண்; அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

முதல் வாரத்துக்குப் பிறகு பலரும் ஒரு தவறான முடிவுக்கு வருகின்றனர். சிகிச்சை பெற்ற இடத்தில் முடி மீண்டும் வளர்வது போல, மிளகுத் தூள் தூவினாற்போன்ற கரிய புள்ளிகள் எழுகின்றன. அவை வளரும் முடிகள் அல்ல. வேரறுந்த தண்டுகளை மயிர்க்கால் வெளியே தள்ளுவதால் தோன்றுபவை. ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் அவை தாமாக உதிர்ந்துவிடும். உள்வளர் முடி இருந்த இடங்களில் இத்தண்டுகள் சில வெளியேற வழியின்றிச் சிக்கி, முடிச்சுகள் தற்காலிகமாகக் கூடுவதும் உண்டு; லேசரால் நோய் முற்றிவிட்டது என்று அஞ்சி அப்போது சிகிச்சையைக் கைவிடுவோர் பலர். வெதுவெதுப்பான ஈரத்துணியால் ஒற்றி, மென்மையாகக் கழுவி, கிள்ளாமல் விட்டால் அவை அடங்கும். இக்காலத்தில் வெயில் காப்புக் களிம்பைத் தவறாமல் பூச வேண்டும். அமர்வுகளுக்கு இடையில் முடியை நீக்க நேர்ந்தால் டிரிம்மரைப் பயன்படுத்தலாமே ஒழிய, திரெட்டிங்குக்கோ வாக்சிங்குக்கோ செல்லக் கூடாது.

எத்தனை முறை, எப்போது நிறுத்துவது

பொதுவாக 6 முதல் 8 அமர்வுகள் தேவைப்படும். தாடிப் பகுதி இயக்குநீர்களின் ஆட்சிக்கு உட்பட்டது என்பதால் அக்குளையும் காலையும்விட மெதுவாகவே கட்டுப்படும். தொடர் முடிந்த பிறகும் ஆண்டுக்கு ஓரிரு முறை பராமரிப்பு அமர்வு வேண்டியிருக்கும். பிற்காலத்தில் தாடி வளர்க்க விரும்பக்கூடிய ஆண்கள், லேசர் பட்ட இடத்தில் தாடி அடர்த்தியாக வராது என்பதை முன்னமே எண்ணிப் பார்த்து, கழுத்துப் பகுதிக்கு மட்டும் சிகிச்சை பெற்றுத் தாடையை விட்டுவைக்கலாம். பெரும்பாலோருக்கு முடிச்சுகள் மிகுவது கழுத்தில்தான் என்பதால் இவ்வேற்பாடு நன்கு பயன்படுகிறது.

தாடியின் உள்வளர் முடிக்கு மட்டுமன்றி, பிடரியில் தடித்த முடிச்சுகளாகத் தோன்றி முடி உதிர்ந்த தழும்பாக மாறும் அழற்சிக்கும், பிட்டங்களுக்கு இடையிலான பிளவின் மேல்முனையில் முடி புதைந்து சீழ்க்கட்டியாகும் பைலோனைடல் சைனஸுக்கும் லேசர் முடிக் குறைப்பு உதவுகிறது. இரண்டாம் உலகப் போரில் குலுங்கும் ஜீப்புகளில் அமர்ந்து பயணித்த அமெரிக்க வீரர்களிடம் பெருகி, ஜீப் நோய் என்றே பெயர் பெற்ற இக்கட்டி அறுவைக்குப் பின்னும் திரும்பத் திரும்ப வருவது. இளையோரிடம் நடத்தி 2023-இல் வெளியிடப்பட்ட ஒப்பீட்டு ஆய்வில், வழக்கமான பராமரிப்பு மட்டும் பெற்றவர்களில் 33.6 விழுக்காட்டினருக்கு ஓராண்டுக்குள் நோய் திரும்பியது. லேசரும் சேர்த்துப் பெற்றவர்களில் அது 10.4 விழுக்காடாக இருந்தது.

லேசரை நிறுத்த வேண்டிய சூழலும் உண்டு. சிலருக்கு, சிகிச்சை பெற்ற இடத்திலோ அதன் ஓரத்திலோ மெல்லிய பூனைமுடி தடித்துக் கறுத்து முன்னைவிட அடர்ந்து வளரும் முரண் விளைவு நேர்கிறது. முகத்திலும் கழுத்திலும், மாநிறத் தோலுடைய பெண்களிடம், குறிப்பாக இயக்குநீர்க் கோளாறு உள்ளவர்களிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. முகவாய்க்கு மட்டும் தொடங்கிய சிகிச்சையைக் கன்னத்துப் பூனைமுடிக்கும் நீட்டிக்கச் சொல்லும் நிலையத்தின் பரிந்துரையை மறுக்க இதுவே போதுமான காரணம். இரண்டு மூன்று அமர்வுகளுக்குப் பின்னும் முடிச்சுகள் குறையாமல் இருந்தாலோ, முடி மெலிவதற்கு மாறாகத் தடித்து வந்தாலோ, எஞ்சிய அமர்வுகளுக்குப் பணம் கட்டியாயிற்று என்பதற்காகத் தொடராமல் நிறுத்தி, நோய் நிர்ணயம் சரிதானா, இயக்குநீர் பரிசோதனை செய்யப்பட்டதா, கருவியின் அலைநீளமும் ஆற்றலும் அந்தத் தோலுக்கு ஏற்றவையா என்பவற்றை வேறொரு தோல் மருத்துவரிடம் மறுபடியும் சரிபார்க்க வேண்டும். ஒவ்வோர் அமர்விலும் பயன்படுத்திய அலைநீளம், ஆற்றல், துடிப்பின் நீளம் ஆகியவற்றை எழுதித் தரும்படி முதல் நாளிலிருந்தே கேட்டு வாங்கி வைத்திருந்தால், அந்த மருத்துவருக்கு அக்குறிப்பே பெருந்துணையாக இருக்கும்.